சிலுவைப் பலி: எதற்காக, யாருக்காக?

இயேசு கிறிஸ்துவின் சாவு மனிதரின் பாவத்தை நீக்கி அவர்களைக் கடவுளோடு ஒப்புரவாக்கியது என்பது கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கை. அந்தச் சாவு எப்படிப் பாவத்தை நீக்குகிறது, யாருடைய பாவத்தை நீக்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பொதுவான விடை இல்லை. 325 முதல் 787 வரை கூடிய ஏழு பொதுச்சங்கங்கள் திரித்துவத்தையும் கிறிஸ்துவின் இரு இயல்புகளையும் சொல் சொல்லாக எடைபோட்டு வரையறுத்தன. பாவநிவிர்த்திக்கு அப்படி ஒரு வரையறையை அவை தரவில்லை. மனிதருக்காகவும் அவர்களின் மீட்புக்காகவும் அவர் சிலுவையில் அறையுண்டார் என்ற அளவில் நைசியா விசுவாச அறிக்கை நின்றுகொள்கிறது.

பாடநூல்கள் பாவநிவிர்த்தியின் நோக்கத்தை ஓர் அத்தியாயத்திலும் அதன் எல்லையை வேறோர் அத்தியாயத்திலும் வைப்பது வழக்கம். ஆனால் இந்த வாதத்தின் வரலாற்றில் முதல் கேள்விக்குச் சொன்ன விடைதான் இரண்டாவது கேள்வியின் சூட்டைத் தீர்மானித்திருக்கிறது. கிறிஸ்துவின் சாவை எதிரியின்மேல் கிடைத்த வெற்றியாகவோ நோயுற்ற மனித இயல்புக்கு மருந்தாகவோ கண்ட இடங்களில் 'யாருக்காக' என்று பெரிய சண்டை எழவில்லை. அதை அடைத்துத் தீர்த்த கடனாகவும் அனுபவித்து முடித்த தண்டனையாகவும் கண்ட இடத்தில்தான் யாருடைய கணக்கு நேரானது என்று கேட்கவேண்டி வந்தது.

பலியின் மொழி யூத வழிபாட்டிலிருந்து வந்தது. லேவியராகமம் 16ஆம் அதிகாரம் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் பத்தாம் நாளில் நடக்கும் பாவநிவிர்த்திச் சடங்கை விவரிக்கிறது. அன்று பிரதான ஆசாரியன் அலங்கார அங்கிகளைக் களைந்துவிட்டுச் சணல்நூல் உடை உடுத்துகிறான். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்காகச் சீட்டுப் போடப்படுகிறது. ஒன்று பலியாகிறது. அதன் இரத்தத்தைத் திரைக்கு உட்புறம் கொண்டுபோய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கிறான். மற்றொன்றின் தலையில் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதற்கென்று நியமித்த ஆளின் கையில் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். முதல் ஆடு தீட்டைப் போக்குகிறது. இரண்டாவது, போக்காடு, பாரத்தைச் சுமந்து போகிறது. இந்த அதிகாரத்தின்படி பாவம் சுமத்தப்பட்ட ஆடு கொல்லப்படுவதில்லை. கொல்லப்பட்ட ஆட்டின்மேல் பாவம் சுமத்தப்படுவதும் இல்லை. பாவத்தைச் சுமந்தவரே கொல்லப்பட்டார் என்று இரண்டையும் ஓருருவாக்கியது ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் துன்புறும் ஊழியனைக் கிறிஸ்துவோடு இணைத்த கிறிஸ்தவ வாசிப்புதான்.

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் ஆலயத்தோடு நிற்கவில்லை. ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் இரண்டே வசனங்களில் நீதிமன்றத்துக்கும் அடிமைச் சந்தைக்கும் ஆலயத்துக்கும் போய்வந்துவிடுகிறார். குற்றவாளி நீதிமானாக்கப்படுகிறான், அடிமை மீட்கப்படுகிறான், கிருபாசனத்தில் இரத்தம் தெளிக்கப்படுகிறது. கொலோசெயர் நிருபம் போர்க்களத்தைக் கொண்டுவருகிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் பகைத்தவர்கள் கூடும் ஒப்புரவைப் பேசுகிறது. இவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று அவர்கள் விளக்க முற்படவில்லை. பின்வந்தவர்கள் ஆளுக்கொரு படிமத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதற்குள் அடக்கப் பார்த்தார்கள்.

முதல் நூற்றாண்டுகளில் ஓங்கியிருந்தவை மீட்பும் வெற்றியும். 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் ஐரேனியஸ், ஆதாம் கெடுத்ததைக் கிறிஸ்து தொடக்கத்திலிருந்து மறுபடி வாழ்ந்து சீராக்கினார் என்றார். கீழ்ப்படியாமையால் வந்ததைக் கீழ்ப்படிதல் மாற்றுகிறது. இதில் சிலுவையைப் போலவே பிறப்பும் வளர்ச்சியும் மீட்பின் பகுதிகள். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ், அழிவுக்குள் விழுந்த மனித இயல்பை வார்த்தையானவர் தமது உடலில் ஏற்று அழியாமைக்கு உயர்த்தினார் என்று எழுதினார். மீட்கும்பொருள் என்ற சொல்லை நற்செய்தியிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரிகன், அந்தப் பொருள் யாரிடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டு, மனிதரைச் சிறைவைத்திருந்த சாத்தானிடம் என்று பதில் சொன்னார். நிசா நகரின் கிரகோரி அதை ஒரு தூண்டிலாகவே வரைந்தார்: கிறிஸ்துவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வீகம் முள், விழுங்கிய சாத்தான் அகப்பட்டுக்கொண்டான்.

இந்தப் படத்தில் கடவுள் ஏமாற்றுக்காரராகத் தெரிகிறார் என்ற சங்கடத்தை அக்காலத்திலேயே உணர்ந்தவர்கள் உண்டு. நசியான்சுஸ் நகரின் கிரகோரி தமது பாஸ்கா உரை ஒன்றில் கேள்வியை நேராக எடுத்தார். திருடனுக்கு விலை கொடுப்பது அவமானம், அதுவும் கடவுளையே விலையாகக் கொடுப்பதா? தந்தைக்குக் கொடுக்கப்பட்டது என்றால், அவர் சிறைபிடித்தவர் அல்லவே. ஈசாக்கின் பலியையே தடுத்தவர் மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார்? இரண்டு விடைகளையும் தள்ளிவிட்டு, தந்தை அதைக் கேட்கவில்லை, மனித இயல்பு புனிதமாகவேண்டிய தேவையால் ஏற்றுக்கொண்டார் என்று முடித்தார். பின்னாளில் மேற்கத்திய இறையியல் அடுக்கிய பல நூல்களைவிட அந்த ஒரு பத்தி கூர்மையானது.

கிழக்குத் திருச்சபைகள் பெரும்பாலும் இந்த நிலையிலேயே தங்கிவிட்டன. ஆர்த்தடாக்ஸ் உயிர்ப்பு ஓவியத்தில் கிறிஸ்து பாதாளத்தின் உடைந்த கதவுகள்மேல் நின்று ஆதாமின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். பூட்டுகளும் தாழ்களும் இருளில் சிதறிக் கிடக்கின்றன. இழுக்கப்படுபவன் முதல் மனிதன். அவனோடு மனித இயல்பே மேலே வருகிறது என்று கொள்ளும்போது சிலரை விட்டுவிட்டுச் சிலருக்காக என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லை. கிழக்கில் எழுந்த சிக்கல் எதிர்ப்புறத்திலிருந்து வந்தது. எல்லாரும் கடைசியில் மீட்கப்பட்டே தீரவேண்டுமா? ஒரிகனும் நிசாவின் கிரகோரியும் அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள். 553ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புடைய கண்டனங்கள் ஒரிகனின் பெயரால் வந்த போதனைகளைத் தாக்கின. கிரகோரி புனிதராகவே நீடித்தார்.

மேற்கில் திருப்பத்தை உண்டாக்கியவர் ஆன்செல்ம். கான்டர்பரி பேராயரான அவர் அரசன் இரண்டாம் வில்லியமோடு மோதி இங்கிலாந்தைவிட்டு வெளியேறியிருந்த காலத்தில், இத்தாலியில் கபுவா நகரத்துக்கு அருகே ஒரு மலைக்கிராமத்தில், 1098இல் 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலை முடித்தார். சாத்தானுக்கு மனிதர்மேல் உரிமை இருந்தது என்ற எண்ணத்தையே அவர் ஒதுக்கிவிட்டார். கடவுளுக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்தாமல் இருப்பதே பாவம். அதனால் அவருடைய கனம் பறிக்கப்படுகிறது. நூல் போசோ என்ற மாணவத் துறவியோடு நடக்கும் உரையாடல். மனம் நொந்து வருந்தினால் ஒரு பாவம் நீங்காதா என்று போசோ நினைக்கிறான். பாவத்தின் கனத்தை நீ இன்னும் எடைபோடவில்லை என்கிறார் ஆசிரியர். கடவுள் ஒரு பக்கம் பார்க்காதே என்கிறார், நீ பார்க்காவிட்டால் பிரபஞ்சம் முழுவதும் அழியும் என்று வைத்துக்கொள், பார்ப்பாயா? பிரபஞ்சத்தைக் காப்பாற்றுவதற்காகக்கூட அந்த ஒரு பார்வை தகாது என்று போசோ ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. அவ்வளவு சிறிய பாவத்துக்கே பிரபஞ்சத்தைவிடப் பெரிய ஈடு தேவை. செலுத்தவேண்டியவன் மனிதன், செலுத்தக்கூடியவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வேண்டும். கீழ்ப்படிதல் கிறிஸ்துவுக்கும் கடமை. பாவமற்றவருக்குச் சாவு கடமை அல்ல. அவர் தாமாகக் கொடுத்த உயிருக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. அதற்கான கைம்மாறு அவருக்குத் தேவைப்படாததால் மனிதருக்குச் சேர்கிறது.

ஆன்செல்மின் கொள்கையை நிலப்பிரபுத்துவ மானக் கணக்கு என்று தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. துறவு மடத்தின் பாவசங்கீர்த்தன ஒழுக்கமும் அதற்கு அதே அளவு நெருக்கமானது. அதைவிட முக்கியமானது அவர் வைத்த ஒரு பிரிவினை. குற்றத்துக்கு ஈடு செலுத்தவேண்டும், இல்லையேல் தண்டனை அனுபவிக்கவேண்டும், இரண்டில் ஒன்று. கிறிஸ்து செய்தது முதலாவது. ஆன்செல்மின் கிறிஸ்து தண்டிக்கப்படவில்லை. தண்டனை வேண்டாம் என்று ஆகும்படி ஒரு கொடையைத் தந்தார். இந்த வேறுபாட்டை நானூறு ஆண்டுக்குப் பின் வந்தவர்கள் அழித்துவிட்டார்கள்.

ஆன்செல்முக்கு அடுத்த தலைமுறையில் பீட்டர் அபெலார்ட், ரோமர் நிருப விளக்கவுரையில், கிறிஸ்துவின் பாடுகளில் வெளிப்பட்ட அன்பு மனிதரின் உள்ளத்தில் அன்பை மூட்டுவதுதான் மீட்பு என்ற கருத்தை முன்வைத்தார். கிளேர்வோவின் பெர்னார்டு அதைக் கடுமையாக எதிர்த்தார். சான்ஸ் நகரச் சங்கத்தில் அபெலார்ட் கண்டிக்கப்பட்டார். அன்பை மட்டுமே சொன்னார் என்று அவரைச் சுருக்குவது எதிராளிகள் வரைந்த படம். தாமஸ் அக்குவினாஸ் ஈடு, பலி, தகுதி, மீட்பு என எல்லாவற்றையும் அவற்றின் இடத்தில் வைத்துக்கொண்டார்.

எல்லை பற்றிய கேள்வி இதற்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், ஒருமுறை தலைகாட்டியிருந்தது. ஓர்பே மடத்துத் துறவி காட்ஷாக், மீட்கப்படுவோரைக் கடவுள் முன்பே தெரிந்தெடுத்தார் என்ற முன்குறித்தல் பற்றி அகுஸ்தீன் எழுதியதை அதன் முடிவுவரை இழுத்து, கிறிஸ்து தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே இறந்தார் என்று போதித்தார். 849இல் கியர்சியில் அவர் கசையடி வாங்கினார். தன் எழுத்துகளைத் தானே தீயிலிட வைக்கப்பட்டார். மீதி வாழ்நாள் மடத்துச் சிறையில் கழிந்தது. 853இல் அதே கியர்சியில் கூடிய ஆயர்கள், கிறிஸ்து பாடுபடாத மனிதர் எவரும் இல்லை என்று அறிவித்தார்கள். 855இல் வாலன்ஸில் கூடியவர்கள் அதை மறுத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்ட் இரு தரப்பும் வாழக்கூடிய ஒரு வாய்ப்பாட்டைத் தந்தார்: பலியின் மதிப்பு எல்லாருக்கும் போதுமானது, அதன் பயன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே. அடுத்த சில நூற்றாண்டுகள் அந்த வாய்ப்பாட்டில் அமைதியாகக் கழிந்தன.

அமைதியைக் குலைத்தது தண்டனை என்ற கருத்து. சட்டம் பயின்ற ஜான் கால்வின், கிறிஸ்துவைக் குற்றவாளிகளின் இடத்தில் நின்று தீர்ப்பை ஏற்றவராகப் பார்த்தார். பிலாத்துவின் நீதிமன்றம் அவருக்கு வெறும் சம்பவம் அல்ல. குற்றமற்றவர் என்று நீதிபதியே சொல்லியும் தண்டனை பெற்றதால் அவர் பிறர் குற்றத்துக்காக நின்றார் என்பது வெளிப்படுகிறது என்றார். ஆன்செல்மிடம் ஈடும் தண்டனையும் மாற்று வழிகள். இங்கே தண்டனையே ஈடு.

இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தவர் இத்தாலியரான ஃபாவ்ஸ்டோ சொட்சீனி. 1594இல் அச்சான அவரது நூலின் வாதம் எளிமையானது. கடனை ஒருவர் அடைத்துவிட்டால் அதை மன்னித்ததாகச் சொல்ல முடியாது. மன்னித்துவிட்டால் அடைக்கத் தேவையில்லை. பணத்தை ஒருவனுக்காக மற்றொருவன் கட்டலாம், தூக்குத்தண்டனையை அப்படிக் கைமாற்ற முடியாது. திரித்துவத்தையே மறுத்தவர் என்பதால் அவர் பெயரைச் சொல்லக்கூடத் தயங்கினார்கள். ஆனாலும் அடுத்த நூற்றாண்டின் இறையியலாளர் பலரும் அவருக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1617இல் தந்த பதில் புதுவழி திறந்தது. தண்டனை விஷயத்தில் கடவுள் கடன்கொடுத்தவர் அல்ல, ஆட்சியாளர். ஆட்சியாளர் தண்டனையைத் தளர்த்தலாம். ஆனால் சட்டம் இளக்காரமாகிவிடக் கூடாது. கிறிஸ்துவின் சாவு சட்டத்தின் கனத்தை எல்லார் முன்பும் காட்டியது, அதனால் மன்னிப்புக்கு வழி பிறந்தது. இந்தப் பார்வையில் குறிப்பிட்ட ஆளின் கணக்கு எதுவும் அடைக்கப்படுவதில்லை.

குரோஷியஸ் இதை எழுதியபோது நெதர்லாந்து உள்நாட்டுப் போரின் விளிம்பில் இருந்தது. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாக்கோபுஸ் ஆர்மினியஸ் 1609இல் இறந்தபின், அவர் வழிநின்ற போதகர்கள் 1610இல் ஐந்து அம்ச மனு ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் இரண்டாவது அம்சம், கிறிஸ்து எல்லாருக்காகவும் ஒவ்வொருவருக்காகவும் இறந்தார், ஆனால் விசுவாசிக்கிறவரே மன்னிப்பை அடைகிறார் என்றது. 1618 நவம்பர் 13 முதல் 1619 மே 9 வரை டார்ட்ரெக்ட் நகரில் கூடிய சங்கம் இதை ஆராய்ந்தது. இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மன், சுவிஸ் நாடுகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். கால்வினிய நிலையின் கடும் காவலரான கொமாருஸ், பிரேமன் நகரப் பிரதிநிதி மார்ட்டீனியஸோடு வாதம் முற்றிய ஒரு நாளில் சவாலாகத் தன் கையுறையைக் கீழே வீசியதாக அங்கிருந்த ஆங்கிலேயர் ஜான் ஹேல்ஸ் எழுதியனுப்பினார். சங்கம் முடிந்த நான்காம் நாள், ஆர்மினியர்களுக்கு ஆதரவாக இருந்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னெஃபெல்ட் ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். ஆயுள்தண்டனை பெற்ற குரோஷியஸ் 1621இல், மனைவியின் ஏற்பாட்டில், கோட்டைச் சிறைக்குப் புத்தகங்கள் வந்துபோகும் பெட்டிக்குள் ஒடுங்கிப் படுத்துத் தப்பினார்.

டார்ட்ரெக்ட் சங்கத்தின் முடிவை 'வரையறுக்கப்பட்ட பாவநிவிர்த்தி' என்று சுருக்கி, துலிப் பூவின் பெயரில் ஐந்து எழுத்து நினைவுக்குறிப்பாக மனப்பாடம் செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பரவியது. சங்கத்தின் தீர்மானம் அந்தச் சுருக்கத்தைவிடப் பரந்தது. கிறிஸ்துவின் சாவு அளவற்ற மதிப்புள்ளது, உலகம் முழுவதன் பாவத்துக்கும் தாராளமாகப் போதுமானது, நற்செய்தி வேறுபாடின்றி எல்லாருக்கும் அறிவிக்கப்படவேண்டும் என்று அது முதலில் சொல்கிறது. அதன்பிறகே, பயனளிக்கும் வகையில் மீட்பது தெரிந்துகொள்ளப்பட்டவர்களையே என்பது கடவுளின் திட்டம் என்கிறது. இந்த நிதானத்துக்கு ஆங்கிலப் பிரதிநிதிகளின் பங்கு உண்டு. அவர்களில் ஜான் டாவனன்ட், கிறிஸ்து ஒரு பொருளில் எல்லாருக்காகவும் இறந்தார் என்று கருதியவர். சங்கத்தின் முடிவில் மனச்சாட்சி உறுத்தாமல் கையெழுத்திட்டார்.

எல்லைக்கோட்டை மிகக் கறாராகப் போட்டவர் அடுத்த தலைமுறையின் ஆங்கிலத் தூய்மையாளர் ஜான் ஓவன். 1640களின் இறுதியில் வந்த அவரது நூல் ஒரு மும்முனைக் கேள்வியைக் கேட்கிறது. கிறிஸ்து சுமந்தது எல்லா மனிதரின் எல்லாப் பாவங்களையுமா, சில மனிதரின் எல்லாப் பாவங்களையுமா, எல்லா மனிதரின் சில பாவங்களையுமா? மூன்றாவது உண்மையென்றால் ஒருவரும் தப்ப முடியாது. முதலாவது உண்மையென்றால் ஏன் எல்லாரும் மீட்கப்படவில்லை? அவிசுவாசத்தால் என்று சொன்னால், அவிசுவாசம் பாவமா இல்லையா? பாவமென்றால் அதற்கும் கிறிஸ்து தண்டனை ஏற்றுவிட்டார், பிறகு அது எப்படித் தடையாகும்? எஞ்சுவது இரண்டாவது மட்டும். ஒரே குற்றத்துக்குச் சிலுவையிலும் நரகத்திலும் இருமுறை தண்டனை வாங்குவது நீதியல்ல.

வாதம் இரும்புக் கதவுபோல் இருக்கிறது. அதன் கீல் ஒன்று மட்டுமே. கிறிஸ்து செலுத்தியது பாவிகள் செலுத்தவேண்டியிருந்த அதே கடன் என்பதே அந்தக் கீல். மற்றோர் ஆங்கிலத் தூய்மையாளரான ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1649இல் அதைத்தான் குறிவைத்தார். கடன்பட்டவனே கட்டினாலும் அவனுக்காக வேறொருவர் அதே தொகையைக் கட்டினாலும் கடன் அந்தக் கணமே தீர்ந்துபோகும். கடன்கொடுத்தவர் மேற்கொண்டு நிபந்தனை போட முடியாது. அதற்கு ஈடான வேறொன்றை அவர் ஏற்றுக்கொண்டால், எந்த நிபந்தனையில் விடுதலை என்று சொல்லும் உரிமை அவரிடமே இருக்கும். கிறிஸ்து நித்திய நரகத்தை அனுபவிக்கவில்லை. எனவே அவர் செலுத்தியது அதே கடன் அல்ல, ஈடு. விசுவாசம் என்ற நிபந்தனைக்கு அங்கே இடமிருக்கிறது. ஓவனின் கணக்குப்படி இன்னொரு சங்கடமும் உண்டு. சிலுவையிலேயே கணக்குத் தீர்ந்திருந்தால், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் விசுவாசிப்பதற்கு முன்பே, பிறப்பதற்கும் முன்பே, விடுதலையாகியிருக்கவேண்டும். பவுலோ அவர்களும் முன்பு கோபாக்கினையின் பிள்ளைகளாக இருந்ததாக எபேசியருக்கு எழுதுகிறார். ஓவன் இதற்குப் பதில் எழுதாமல் இல்லை. ஆனால் இந்த இடத்தில் பாக்ஸ்டரின் கை ஓங்கியிருக்கிறது.

வேதவசனங்களைக் கொண்டு மட்டும் வழக்கைத் தீர்க்க முடியவில்லை. யோவானின் முதல் நிருபம் கிறிஸ்துவை நம்முடைய பாவங்களுக்கு மாத்திரமல்ல, சர்வலோகத்தின் பாவங்களுக்கும் பலி என்கிறது; தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் எல்லாருக்கும் மீட்கும்பொருள் என்கிறது; பேதுருவின் இரண்டாம் நிருபம் கள்ளப்போதகர்களையும் ஆண்டவரால் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்று கூறுகிறது. எதிர்ப்பக்கத்தில் மேய்ப்பன் உயிரைக் கொடுப்பது ஆடுகளுக்காக, கிறிஸ்து தம்மை ஒப்புக்கொடுத்தது சபைக்காக, அவர் வேண்டிக்கொண்டது உலகத்துக்காக அல்ல என்ற வசனங்கள் நிற்கின்றன. உலகம் என்பதற்கு எல்லா இனத்திலும் சிதறியுள்ள தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று ஓவன் கொள்ளும் பொருள், யோவானின் நிருபத்தில் 'மாத்திரமல்ல' என்ற எதிர்நிலையின் முன் நெளிகிறது. ஆடுகளுக்காக என்றதை ஆடுகளுக்காக மட்டும் என்று வாசிப்பதும் அப்படியே. எனக்காக ஒப்புக்கொடுத்தார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதைப் பவுலுக்காக மட்டும் என்று யாரும் வாசிப்பதில்லை.

பிரான்சில் சோமூர் கல்விக்கழகப் பேராசிரியர் மொயீஸ் அமிரோ 1634இல் நடுவழி ஒன்றைச் சொன்னார். விசுவாசிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கடவுள் எல்லாருக்காகவும் கிறிஸ்துவைக் கொடுத்தார். யாரும் தாமாக விசுவாசிக்கமாட்டார்கள் என்பதால் சிலருக்கு விசுவாசத்தையே கொடையாகத் தரத் தீர்மானித்தார். 1637இல் அலான்சோன் சங்கம் அவரை விசாரித்து, எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 1675இல் சுவிஸ் திருச்சபைகள் அவர் வழியைக் கண்டித்து ஓர் அறிக்கையே எழுதின. கத்தோலிக்கத் திருச்சபையோ எல்லார் என்ற பக்கமே நின்றது. கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தாலும் எல்லாரும் பயன்பெறுவதில்லை என்றது 1547இல் திரெந்து சங்கம் தந்த ஆணை. கிறிஸ்து விதிவிலக்கின்றி எல்லாருக்காகவும் இறந்தார் என்பது தப்பறை என்று கத்தோலிக்கருக்குள்ளேயே எழுந்த யான்சனிய இயக்கத்தின் கூற்றை 1653இல் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் கண்டித்தார்.

18ஆம் நூற்றாண்டில் கேள்வி பிரசங்க மேடைக்கு வந்தது. முன்குறித்தலைத் தாக்கி ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டலில் செய்த பிரசங்கத்துக்கு ஜார்ஜ் விட்ஃபீல்டு மறுஆண்டு கடிதமாகப் பதில் எழுதினார். மெதடிச இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. பாப்டிஸ்டுகளிடையே சிக்கல் இன்னும் நடைமுறையானது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே கிறிஸ்து இறந்தார் என்றால், தெருவில் நிற்கும் ஒருவரைப் பார்த்து விசுவாசி என்று அழைக்கப் போதகருக்கு உரிமை உண்டா? உரிமை இல்லை என்று கருதிய சபைகள் இருந்தன. 1785இல் ஆண்ட்ரூ ஃபுல்லர், நற்செய்தியைக் கேட்கும் எல்லாருக்கும் விசுவாசிப்பது கடமை, ஆகவே எல்லாரையும் அழைக்கலாம் என்று வாதாடினார். 1792இல் உருவான பாப்டிஸ்டு மிஷனரி சங்கத்துக்கு அவரே செயலர். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் இறங்கியதற்குப் பின்னே இந்த வாதம் இருந்தது.

ஸ்காட்லாந்தில் கேர் கடற்கழியோரம் ரோ என்ற ஊரின் போதகர் ஜான் மெக்லியோட் கேம்பல் அதே சிக்கலை வீடுவீடாகக் கண்டவர். தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் நாம் இருக்கிறோமா என்ற ஐயத்திலேயே உழலும் மக்களுக்கு கிறிஸ்து உங்களுக்காக இறந்தார் என்று சொல்ல முடியாவிட்டால் வேறு எதைச் சொல்வது? எல்லாருக்காகவும் இறந்தார் என்று அவர் போதித்தார். 1831 மே மாதம் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை நள்ளிரவு தாண்டி விவாதித்து, 119க்கு 6 என்ற வாக்கில் அவரைப் பதவி நீக்கியது. தாமும் ஒரு போதகரான அவருடைய வயோதிகத் தந்தை அதே அவையில் எழுந்து, இப்படி ஒரு மகனுக்குத் தகப்பனாக இருப்பதில் தமக்கு வெட்கமில்லை என்றார்.

கால் நூற்றாண்டு கழித்து, 1856இல், கேம்பல் எழுதிய நூல் இந்த விவாதத்தின் முடிச்சை இனம்கண்டது. தண்டனை மாற்றுக் கொள்கையை வைத்துக்கொண்டு எல்லை விரிந்தது என்று சொல்பவர்கள் தர்க்கத்தில் தோற்றவர்கள், ஓவனும் அமெரிக்க இறையியலாளர் ஜோனதன் எட்வர்ட்ஸும் தங்கள் முன்கூற்றிலிருந்து சரியான முடிவுக்கே போனார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே முன்கூற்றை மாற்றவேண்டும். பாவத்துக்கு ஈடான தண்டனை, இல்லையேல் ஈடான துக்கமும் மனந்திரும்புதலும் வேண்டும் என்று எட்வர்ட்ஸ் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார். தந்தையின் மனத்தையும் மனிதரின் நிலையையும் முழுமையாக அறிந்த கிறிஸ்து, மனிதகுலத்தின் சார்பில் பாவத்தைப் பற்றிய கடவுளின் தீர்ப்புக்கு ஆமென் சொன்னார், அதுவே பாவநிவிர்த்தி. ஒருவருக்காக மற்றொருவர் தண்டனை பெற முடியாது என்றால் ஒருவருக்காக மற்றொருவர் மனந்திரும்புவது மட்டும் எப்படி என்ற கேள்வி இதற்கு உடனே எழுகிறது. கேம்பலின் ஆதரவாளர்களும் அதைத் திருப்தியாகக் கடந்ததில்லை. பதவி நீக்கம் நீங்கவேயில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1868இல் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் அளித்தது.

இந்தியாவில் இதே கேள்வி கர்மவினையின் உருவில் வந்தது. ஒருவர் செய்த வினையை மற்றொருவர் எப்படிச் சுமப்பார் என்பது சொட்சீனியின் கேள்விதான், கேட்டவர்கள் அவர் பெயரை அறியாவிட்டாலும். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் வெளியிட்டார். சிலுவையில் வெளிப்படும் அன்பு பக்தனின் நெஞ்சை உருக்கித் திருப்புகிறது என்ற அவரது விளக்கம் அபெலார்டின் பக்கம் சாய்கிறது.

20ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் இறையியலாளர் குஸ்தாஃப் ஆவுலேன், முதல் நூற்றாண்டுகளின் வெற்றிப் படிமமே செம்மரபு என்று 1930இல் வாதிட்டு, ஆன்செல்முக்கு முந்திய உலகை மேற்குக்கு நினைவூட்டினார்; லூத்தரையும் அதே வரிசையில் அவர் சேர்த்தது பலருக்கு உடன்பாடில்லை. சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் தீர்ப்பின் மொழியைக் கைவிடவில்லை. நியாயாதிபதியே குற்றவாளியின் இடத்தில் தீர்ப்படைந்தார் என்றார். அவர் மாற்றியது தெரிந்துகொள்ளுதலை. மனிதர்களை இரு பட்டியல்களாகப் பிரிக்கும் ஆணை எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளப்பட்டவரும் கிறிஸ்து, தள்ளப்பட்டவரும் கிறிஸ்து, மற்ற எல்லாரும் அவருக்குள் அடங்குகிறார்கள். ஓவனின் தர்க்கத்தை இதில் பொருத்தினால் எல்லாரும் மீட்கப்பட்டே ஆகவேண்டும் என்று விமரிசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதைக் கோட்பாடாகப் போதிக்கப் பார்த் மறுத்தார். அது நடக்காது என்று சொல்லவும் மறுத்தார். கத்தோலிக்கரான ஹன்ஸ் உர்ஸ் ஃபான் பல்தாசரும் 1980களில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து, எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம், ஆனால் அறிந்தவர்போல் அறிவிக்கக் கூடாது என்று எழுதினார். அதற்காக இரு பக்கத்துக் கண்டனங்களையும் வாங்கிக்கொண்டார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, கிறிஸ்து யாருக்காக இறந்தார் என்ற பத்தியில், 853ஆம் ஆண்டு கியர்சியில் கூடிய ஆயர்களின் அறிவிப்பையே சான்றாக எடுத்துக்கொண்டது.